பழைய இசைக்கோஷ்டி புதுப் பாட்டுப் பதியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கோவில் திருவிழா என்றால் விடிய விடிய இசைக்கோஷ்டி நடந்த காலம் ஒன்று இருந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடி, இலங்கை வானொலி வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்த பொப் பாட்டுகளை 1970களில் ஊர் ஊராக மேடையேற்றியவர்கள் இந்தக் கோஷ்டிக்காரர்களே. பிறகு போர் அவர்களைச் சிதறடித்தது. பாடியவர் கொக்குவிலில், கிற்றார் வாசித்தவர் ரொறன்ரோவில், ட்ரம்ஸ் அடித்தவர் பாரிசில் என்று ஆகிவிட்டது. அப்படிப் பிரிந்தவர்கள் தலை நரைத்த வயதில் மீண்டும் கூடி, இம்முறை தங்கள் சொந்தப் பாட்டுகளைப் பதிய விரும்புகிறார்கள் என்றால் அதைவிட மகிழ்ச்சியான செய்தி எனக்கு வேறில்லை. ஆகவேதான் அந்த உழைப்பு வீணாவதைக் காணப் பொறுக்கவில்லை. வீணாகும் விதங்கள் பல. ஆனால் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்று. முப்பது வயதில் ஒலித்தது போலவே இப்போதும் ஒலிக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் அது.

இந்தப் பிடிவாதம் முதலில் சுருதியில் தெரியும். நாலு கட்டையில் பாடிப் பெயர் வாங்கியவர் இன்றும் நாலு கட்டையைத்தான் கேட்பார். வயது ஏற ஏறக் குரல்நாண்களின் தசை மெலிகிறது, அவற்றின் ஈரம் குறைகிறது. மேல்ஸ்தாயிதான் முதலில் கைவிடும். மேடையில் எட்டாத வரி வரும்போது ஒலிவாங்கியைச் சனத்தின் பக்கம் நீட்டிச் சமாளித்துவிடலாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த இறுக்கம் அப்படியே பதிந்து, கேட்கும்போதெல்லாம் உறுத்தும். எனவே மெட்டமைக்க உட்காருமுன் பாடகரின் இன்றைய எல்லையைக் கண்டுகொள்ளுங்கள். அரை மணி நேரம் மெதுவாகப் பாடிக் குரல் பதமான பிறகு, சிரமமில்லாமல் திரும்பத் திரும்பத் தொடக்கூடிய மிக உயர்ந்த சுரம் எதுவென்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை எட்டிப் பிடித்த சுரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சரி, சுருதியை இறக்கிவிட்டோம், வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது அடுத்த தவறு. நாலு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறக்கினோம் என்று வையுங்கள். மேற்கத்திய சுரப் பெயரில் நாலு கட்டை என்பது எஃப் (F). இரண்டு கட்டை என்பது டி (D). பாட்டின் தாழ்ந்த சுரங்களைத் தரும் நான்கு தந்தி பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஈ (E). அதன் முதல் ஃபிரெட்டிலேயே (விரல் அழுத்தும் கட்டத்திலேயே) எஃப் சுரம் கனமாகக் கிடைத்துவிடும். பாட்டு டிக்கு இறங்கியதும் அந்தத் தாழ்ந்த ஆதார சுரம் கிற்றாரிலேயே இல்லாமற் போகிறது. வாசிப்பவர் வேறு வழியின்றி ஏ (A) தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டுக்குப் போகிறார். குரல் மூன்று அரைச்சுரம் இறங்க, பேஸ் ஒன்பது அரைச்சுரம் ஏறிவிடுகிறது! பாட்டின் அடித்தளம் மெலிந்துவிட, "பழைய கனம் இல்லையே" என்று எல்லோரும் பாடகரையே பார்க்கிறார்கள். பாவம், அவர்மீது குற்றமில்லை. ஈ தந்தியை டி வரை தளர்த்துங்கள், அல்லது ஐந்து தந்தி பேஸ் ஒன்றை இரவல் வாங்குங்கள். போன கனம் திரும்பிவிடும்.

இன்றைய குரலுக்கேற்பப் பாடுவதற்கு உலகறிந்த உதாரணம் சுவீடனின் அபா (ABBA) இசைக்குழு. 1981இல் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டு, அடுத்த ஆண்டோடு ஒதுங்கியவர்கள், சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து 2021 நவம்பரில் புதிய தொகுப்பு ஒன்றைத் தந்தார்கள். அதில் குழுவின் இரு பாடகிகளின் குரல்களும் முன்னையவிடத் தாழ்ந்தே ஒலிக்கின்றன. அதை அவர்கள் மறைக்கவில்லை; அந்தக் குரலுக்கேற்ற பாட்டுகளைப் பாடினார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். 2018இல் அவர்கள் அறிவித்தது இரண்டே இரண்டு பாட்டுகளைத்தான். அவை நன்றாக அமைந்த பிறகே பத்துப் பாட்டுத் தொகுப்பாக அது வளர்ந்தது. எடுத்த எடுப்பிலேயே பன்னிரண்டு பாட்டுகளுக்குக் கூடத்தை அமர்த்தி, ஐந்தாவதில் களைத்துப்போகும் நம்மவர்கள் இதைப் பின்பற்றலாம்.

தாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பைலா என்னும் இலங்கைத் துள்ளிசையின் தாளத்துக்கு உயிர், ஆறு அடிகளுக்கும் இடையில் விழும் அந்தச் சிறு ஊசலில் இருக்கிறது. கணினியில் எல்லா அடிகளையும் கோட்டில் நிறுத்தித் திருத்தினால் உயிர் போய்விடும். ட்ரம்ஸ், பேஸ், கிற்றார் மூன்றையும் இயன்றவரை ஒரே அறையில் ஒன்றாக வாசிக்க வைத்துப் பதியுங்கள். மற்றவை பிறகு சேரட்டும்.

எல்லோரும் ஊருக்கு வர முடியாதபோது, இணையத்தில் நேரடியாகச் சேர்ந்து வாசிக்கலாமே என்று ஆசைப்படுகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். ஒரு வழிக்கே குறைந்தது 65 மில்லிநொடி போய்விடும். நடைமுறையில் இன்னும் அதிகம். 30 மில்லிநொடியைத் தாண்டினாலே ஒருவர் வாசிப்பதை மற்றவர் பின்தொடர்ந்து தாளம் தொய்யத் தொடங்கிவிடும். ஆகவே தனித்தனியாகப் பதிந்து கோப்புகளைப் பரிமாறுவதே வழி. அதிலும் வட்ஸ்அப் குரற்பதிவாக அனுப்பாதீர்கள், ஒலி நசுங்கிவிடும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் வேவ் (WAV) கோப்பாக, பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும்படி அனுப்பச் சொல்லுங்கள். இடையில் வரும் நான்கு வரிக்குத்தான் கிற்றார் என்றாலும் கோப்பு தொடக்கத்திலிருந்தே வர வேண்டும். இல்லாவிட்டால் அது எந்த இடத்தில் பொருந்தும் என்று தேடியே கூடத்துக் காசு கரையும்.

ஒலிக்கலவையின்போது மூத்தவர்கள் கூர்மையான ஒலிகளைக் கூட்டச் சொல்வதும் வழக்கம். வயதோடு முதலில் மங்குவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறனே. பெரிய ஒலிபெருக்கிகளின் பக்கத்தில் இளமையைக் கழித்தவர்களுக்கு அது இன்னும் மங்கியிருக்கும். இருபது வயதுப் பேத்தி காதைப் பொத்துகிறாள் என்றால் அவள் சொல்வதைக் கேளுங்கள்.

இனி, நம்மிடையே இல்லாதவர்களைப் பற்றி. 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் நாம். அதற்குப் பிறகும் எங்கோ ஓர் அலுமாரியில் மறைந்த பாடகரின் குரலோடு ஒரு கசெற் மிஞ்சியிருந்தால் அது பொக்கிஷம். ஆசையில் உடனே போட்டுக் கேட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த நாடா முதல் ஓட்டத்திலேயே கிழியக்கூடும். சுத்தம் செய்தபின், முதல் ஓட்டத்தையே கணினியில் பதியுங்கள். 2023இல் வெளியான பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் பாட்டில், மறைந்த ஜோன் லெனனின் குரலைச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது 1970களின் பிற்பகுதியில் அவரே பியானோவோடு கசெற்றில் பாடிவைத்தது. கணினி அந்தக் குரலைப் பியானோவிலிருந்தும் இரைச்சலிலிருந்தும் பிரித்தெடுத்துக் கொடுத்தது. இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியம். மறைந்தவர் பாடியதைத் துலக்குவது மரியாதை. அவர் பாடாத வரியை அவர் குரலில் செய்வதற்கு, குடும்பமே சம்மதித்தாலும் நான் உடன்படமாட்டேன்.

கடைசியாக, நண்பர்கள் பேசக் கூச்சப்படும் விடயம். பழைய நாளில் சினிமா மெட்டுக்குச் சொந்த வரி எழுதிப் பாடியது போல இன்று பாடி யூரியூப்பில் ஏற்றினால், மெட்டின் உரிமையாளர் வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், பாட்டையே நீக்கவும் செய்யலாம். சொந்தப் பாட்டென்றால் அதன் உரிமை இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் நிற்கும். அந்த உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். தேநீர்க் கடையில் சொன்ன வாய்ச்சொல் செல்லாது. வரி யாருடையது, மெட்டு யாருடையது, கோஷ்டியின் பெயரை இனி யார் யார் பயன்படுத்தலாம், கசெற்றில் குரல் தந்தவரின் பங்கு அவர் மனைவிக்கா பிள்ளைகளுக்கா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, முதல் ஒத்திகை நாளன்றே எல்லோரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.