ஏற்றத்தில் எஞ்சின் தட்டுகிறதா? அகச்சிவப்பு வெப்பமானியால் கண்டுபிடிக்கலாம்

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும்போது, பின்னால் ஆளை வைத்துக்கொண்டு கியர் குறைக்காமல் முறுக்கினால் பைக் «கிணி கிணி» என்கிறதா? அக்சிலேட்டரைத் தளர்த்தியதும் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் நொக்கிங். சும்மா நிற்கும்போதும் கேட்டால் டப்பட்டை (வால்வைத் தள்ளும் பாகத்தை) பாருங்கள்.

பிளக் மூட்டிய தீ வந்து சேருமுன்பே ஓரத்தில் அழுந்தியிருக்கும் பெற்றோல் கலவை தானாகப் பற்றிக்கொள்வதுதான் நொக்கிங். ஆய்வுகூடங்களில் கண்ணாடி இழையைச் சிலிண்டருக்குள்ளேயே விட்டு அந்த ஒளியைப் பார்க்கிறார்கள். தொடாமலே சூட்டை அளக்கும், நம் கையிலுள்ள அகச்சிவப்பு வெப்பமானியால் அது முடியாது. நொக்கிங் மில்லிசெக்கனில் முடிந்துவிடும். ஆனால் நொக்கிங் சிலிண்டர் ஹெட்டில் ஏற்றிவிட்டுப் போகும் சூட்டை இந்தக் கருவி காட்டும். காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். நெற்றியில் பிடிக்கும் காய்ச்சல் கருவி வேண்டாம், அதன் அளவு எஞ்சின் சூடு வரை போகாது.

முதல் வேலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளக்குக்குப் பக்கத்தில் நாணயமளவு இடத்தைத் துடைத்து, சைலன்சருக்கு அடிக்கும் மினுக்கமில்லாத கறுப்புப் பெயிண்டைப் பூசுவது. இதை விட்டால் எல்லாம் வீண். வெறும் அலுமினியம் தன் சூட்டை மிகக் குறைவாகவே கதிர்வீசும், சுற்றிலும் உள்ளதைப் பிரதிபலிக்கும். கருவி உண்மையை விட எவ்வளவோ குறைத்துச் சொல்லும். கறுப்புப் புள்ளிக்குக் கருவியில் கதிர்வீசும் திறனை (emissivity) 0.95 என்று வைத்தால் சரியாக இருக்கும். கருவியில் 12:1 என்று இருந்தால், 12 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிக்கும்போது 1 சென்ரிமீற்றர் வட்டத்தின் சராசரி கிடைக்கும். கருவி காட்டும் சிவப்பு லேசர் புள்ளி குறிபார்க்க மட்டுமே.

அடுத்து 92 ஒக்டேன் பெற்றோலில் ஏறுங்கள். நன்கு சூடான எஞ்சின், அதே ஆள், அதே கியர், அதே வேகம். மேலே ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் நிறுத்திய பின் அதே நேரத்தில், அதே தூரத்தில் அளந்து எழுதுங்கள். டேங்க் காலியாகும் தறுவாயில் 95 ஒக்டேன் அடித்து அதே ஏற்றத்தை மறுபடி ஏறுங்கள்; ஒக்டேன் கூடினால் பெற்றோல் எளிதில் தானாகப் பற்றாது. சத்தமும் சூடும் சேர்ந்து குறைந்தால் நொக்கிங் என்று கொள்ளலாம். குறையவில்லையா? கலவை மெலிந்திருக்கலாம் (காற்றுக்குப் பெற்றோல் போதாமல்), ஒயிலும் குறைந்திருக்கலாம்.

நுவரெலியாவில் சோதித்து ஏமாறாதீர்கள். 1868 மீற்றர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, சிலிண்டரில் அழுத்தமும் குறையும், நொக்கிங் ஒளிந்துகொள்ளும். கீழ் ஏற்றங்களில்தான் அது வெளிப்படும்.

உடனடி மருந்து கியர் குறைப்பது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ள நேரம் போதாது. பிறகு கராஜ் பாஸிடம் சிலிண்டருக்குள் படிந்த கார்பனையும் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரத்தையும்) பார்க்கச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: மிளகுத்தூள் போல மினுங்கும் அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் அரிபடத் தொடங்கிவிட்டது, அந்த பைக்கில் ஏற்றம் ஏறாதீர்கள்.