80 நாற்காலி, 23 பேர்: கூட்டம் கூட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன், தமிழக எல்லையை ஒட்டி மலைமேல் இருக்கும் கேரள ஊரான குமுளியில் ஒரு இலவசக் கண் பரிசோதனை முகாம் வைத்தோம். ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்காக என்றே வைத்த முகாம். பெயர் கொடுத்தவர்கள் நூற்றுக்கும் மேல். இடம் போதாது என்று 80 நாற்காலியோடு நிறுத்திக்கொண்டோம். மதியம் முகாம் முடிந்தபோது எண்ணிப் பார்த்தால் வந்தவர்கள் 23 பேர். அதிலும் இரண்டு பேர் நாற்காலி இறக்க வந்த பையன்கள். சும்மாதானே நிற்கிறோம் என்று கண்ணைக் காட்டிக்கொண்டவர்கள்.

"சனங்களுக்கு அக்கறையே இல்லைங்க" என்றார் எங்களில் ஒருவர். நானும் தலையாட்டினேன்.

அடுத்த வாரம், வராதவர்களில் பத்துப் பன்னிரண்டு பேரை போனில் பிடித்தேன். கீழே தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறும் ஒரு அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஆறு நாளு மேல ஏறி எறங்குறது பத்தாதுன்னு ஏழாவது நாளும் ஏறச் சொல்றீகளே தம்பி? ஞாயித்துக்கிழமைதேன் நான் துணி துவைக்கிறது."

அவர்கள் வேலை பார்ப்பது குமுளிப் பக்கம் என்பதால் முகாமைக் குமுளியில் போட்டுவிட்டோம். அவர்கள் குடியிருப்பது கம்பத்தில், உத்தமபாளையத்தில், தேவாரத்தில். ஞாயிற்றுக்கிழமை இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி வந்து கண்ணைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறோம். அக்கறை இல்லாதது யாருக்கு என்று அப்புறம்தான் உறைத்தது. அதன் பிறகு எந்தக் கூட்டத்தில் ஆள் குறைந்தாலும் நான் முதலில் எங்கள் பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

ஒரே ஒரு காலண்டரைப் பார்ப்பது

எல்லையில் நிகழ்ச்சி வைப்பவர் தமிழ், மலையாளம் என்று இரண்டு காலண்டர் மாட்டியிருக்க வேண்டும். பலர் தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாளா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தேதி குறிக்கிறார்கள். அதையாவது பார்க்கிறார்களே என்று சந்தோஷப்படலாம். முகூர்த்த நாளில் கூட்டம் வைத்துவிட்டு மண்டப வாசலில் காத்து நின்றவர்களையும் எனக்குத் தெரியும்.

ஆடியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் இல்லாத மாதம், மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். கம்பத்தில் இருப்பவருக்கு இது நல்ல யோசனை. ஆனால் அதே ஆடி மலைக்கு மேலே கர்க்கடகம், மலையாளத்தின் மழை மாதம். கம்பத்தில் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருக்கும்போது குமுளியில் விடாமல் மழை கொட்டும். அந்த மழையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பேச்சுப்போட்டிக்கு யார் வருவார்கள்?

பள்ளிக்கூட நாட்களும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. மேலே ஓணத்துக்கு நீண்ட விடுமுறை விடும்போது கீழே பிள்ளைகள் காலாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். பொங்கலுக்குக் கேரள அரசு இடுக்கி உட்பட எல்லையோரத்து 6 மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை தருகிறது. சரி, விடுமுறைதானே என்று அன்றைக்குக் குமுளியில் விழா வைத்தால், தமிழ்க் குடும்பங்களில் பாதி மலையிறங்கிச் சொந்த ஊருக்குப் போயிருக்கும்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் மலைப்பாதை நிரம்பிவிடும்; கூட்டம் கூடினால் ஒருவழிப் பாதையாக்கி வண்டிகளைத் திருப்பியும் விடுவார்கள். அந்த நாட்களில் கீழேயிருந்து பேச்சாளரைக் கூப்பிட்டால் அவர் எப்போது வந்து சேருவார் என்று அவருக்கே தெரியாது. சித்ரா பௌர்ணமி அன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருடத்தில் அந்த ஒருநாள் மட்டும்தான் அனுமதி. அன்று வேறு எந்த நிகழ்ச்சியும் எடுபடாது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா நடக்கும் எட்டு நாளும் தேனி மாவட்டத்தில் எதற்கும் ஆள் தேட வேண்டாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் வேலை தொடங்கிவிடும். அந்தச் சமயம் பார்த்து விவசாயிகளுக்குப் பயிற்சி வகுப்பு வைப்பவரை என்ன சொல்வது.

கேரளத்தில் ஹர்த்தால் என்று சொல்லும் முழு அடைப்பை மட்டும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. 7 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் கூடாது என்று 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு ஒரு மலையாளப் பத்திரிகையைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். கீழே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்தச் செய்தி எட்டுவதே இல்லை.

"வரேன்" என்ற சொல்லை நம்புவது

நம் ஊரில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே "வரேன்" என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லைக் கணக்கில் எழுதி நாற்காலி போட்டால் நாற்காலிக் கடைக்காரருக்குத்தான் லாபம். "பார்க்கலாம்" என்றால் வர மாட்டார். "வரப் பாக்குறேன்" என்றால் கூடவே ஒரு காரணத்தையும் யோசித்துக்கொண்டிருக்கிறார். "கண்டிப்பா வரேன்" என்பதில்கூடப் பாதிதான் தேறும். மலையாளத்தில் "நோக்காம்" என்பதும் நம் "பார்க்கலாம்" மாதிரிதான். முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதை இல்லை என்று இரண்டு மொழிக்காரர்களும் வளர்ந்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் கட்டை விரலைத் தூக்குவதற்கு இந்த மரியாதைகூடத் தேவையில்லை. பார்த்துவிட்டேன் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது.

அப்படியென்றால் என்ன கேட்பது? எப்படி வருவீர்கள் என்று கேளுங்கள். 2008-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலின்போது டேவிட் நிக்கர்சன், டாட் ரோஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வாக்காளர்களை போனில் அழைத்து, எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களிடையே வாக்களிப்பு கூடியது. வெறுமனே ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டதில் அந்தப் பலன் இல்லை.

எங்கள் ஊருக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. "அக்கா, எந்த ஜீப்புல வருவீங்க? கூட யாரு வர்றா?" என்று கேட்டால் போதும். பதில் வந்தால் ஆள் வருவார். தடுமாறினால் அந்த இடத்திலேயே பேசி வழி பண்ணலாம். பல சமயம் பிரச்சினை வண்டிதான். இரண்டாம் முறை முகாமைக் கம்பத்தில், ஜீப்புகள் ஆள் ஏற்றும் இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வைத்தோம். நேரம் மாலை 6 மணிக்கு மேல். இறங்கியவர்கள் தூக்குவாளியோடு நேராக வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். கையில் ஏலக்காய் வாசனையோடு கண்ணாடிச் சட்டத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தவர்களை இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. சிகாகோவில் உணவகம் நடத்திய கோர்டன் சின்க்ளேர், மேசைக்குச் சொல்லிவிட்டு வராமல் போகிறவர்களால் தவித்தார். வரவேற்பில் இருந்த பெண் அதுவரை "திட்டம் மாறினால் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுவார். அதை "திட்டம் மாறினால் கூப்பிடுவீர்களா?" என்று கேள்வியாக்கி, பதில் வரும்வரை காத்திருக்கச் சொன்னார். வராதவர்கள் நூற்றுக்கு 30 பேரிலிருந்து 10 பேராகக் குறைந்தார்களாம். உளவியலாளர் ராபர்ட் சியால்டினி அடிக்கடி சொல்லும் உதாரணம் இது. நான் முயன்றவரை நம் ஊரிலும் எடுபடுகிறது. "ஆமா தம்பி, சொல்லிருவேன்" என்று ஒருமுறை வாயால் சொன்னவர், வர முடியாத நாளில் ஒரு மிஸ்டு காலாவது கொடுக்கிறார். அந்த இடத்துக்கு வேறொருவரைக் கூப்பிடலாம்.

வராததை யாரும் கவனிக்காமல் விடுவது

கல்யாணத்துக்கு மட்டும் எப்படி ஆள் குறையாமல் வருகிறது? சாப்பாடு என்பார்கள். என்னைக் கேட்டால் மொய் நோட்டு. தேனிப் பக்கத்தில் மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. யார் வந்தார், யார் வரவில்லை என்பது பேரோடும் ஊரோடும் எழுதி வைக்கப்படுகிறது. அதோடு வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்து, "குடும்பத்தோட வந்துரணும்" என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். போகாவிட்டால் மறுநாள் சந்தையில் முகத்தில் முழிக்க வேண்டும்.

நம் கூட்டங்களில் ஒருவர் வராததை யாருமே கவனிப்பதில்லை. அவரும் அதை நன்றாக அறிவார். எங்கள் வாசகர் வட்டத்தில் இப்போது ஒவ்வொரு மாதமும் ஐந்தாறு பேருக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துவிடுகிறோம்: ஒருவர் டீ பிளாஸ்க், ஒருவர் ஒரு கவிதை வாசிப்பது, ஒருவர் மைக். வேலை இருக்கிறவர் வந்துவிடுகிறார். வரும்போது இன்னொருவரையும் இழுத்து வருகிறார். வராதவரை மறுநாள் யாராவது ஒருவர் கூப்பிடுவார். திட்டுவதற்கு இல்லை, "என்னாச்சு, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்பதற்கு.

குழுவில் போட்டுத் திட்டுவது பெரிய தவறு. "போன கூட்டத்துக்கு 50 பேரில் 12 பேர்தான் வந்தீர்கள், வருத்தமாக இருக்கிறது" என்று எழுதினால் படிக்கிறவருக்கு என்ன புரியும்? ஓ, யாருமே போகவில்லை போலிருக்கிறது, நாமும் போகாவிட்டால் குற்றமில்லை. வந்த 12 பேரின் போட்டோவைப் போடுங்கள். அதுவே போதும்.

நினைவூட்டலும் அழைப்பிதழும்

ஏலக்காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடையாது. காலை 10 மணிக்கு அனுப்பும் செய்தியை அவர்கள் பார்ப்பது இரவு. முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு அனுப்புவதும் வீண்தான். ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முந்தின நாள் மாலை ஏழு மணி வாக்கில் ஒருமுறை, அவ்வளவுதான். எழுத்தாக வேண்டாம், குரல் பதிவாக அனுப்புங்கள். குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் நோட்டீஸ் அடித்தால் மலையாளத்திலும் இரண்டு வரி சேருங்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பலர் மலையாளத்தில் படிக்கிறார்கள், அவர்கள்தான் வீட்டில் வாசித்துச் சொல்வார்கள்.

அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று பதினாலு பேர் போட்டுவிட்டு இடத்தையும் நேரத்தையும் அடியில் எறும்பு எழுத்தில் போடுவார்கள். பதினாலு பேரும் அவரவர் வீட்டாரைக் கூட்டிவந்தால் கூட்டம் ஆயிற்று என்று ஒரு பெரியவர் இதற்கு நியாயம் சொன்னார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை.

5 மணி என்று போட்டுவிட்டு, சிறப்பு விருந்தினருக்காக ஆறரை வரை உட்கார வைப்பது அடுத்த கூட்டத்தையும் சேர்த்துக் கெடுக்கும். நேரத்துக்கு வந்தவர்தான் தண்டனை அனுபவிக்கிறார். அடுத்த முறை அவரும் ஆறரைக்கு வருவார். அல்லது கடைசி பஸ்ஸை நினைத்து வராமலே இருந்துவிடுவார். விருந்தினர் வராவிட்டாலும் தொடங்கிவிடுங்கள்.

இலவசமா, கட்டணமா?

பயிற்சி வகுப்பு என்றால் 50 ரூபாயாவது வாங்கி, வந்ததும் திருப்பிக் கொடுங்கள். விளையாட்டுக்குப் பெயர் கொடுப்பவர்கள் கழன்றுகொள்வார்கள். மருத்துவ முகாமில் இதைச் செய்யக்கூடாது. அன்றாடக் கூலிக்காரருக்கு அந்த 50 ரூபாய் வேறு கணக்கு.

எத்தனை பேர் வருவார்கள் என்பதில் என் கணக்கு இன்னும் துல்லியமாகவில்லை. போன மாதம் சமையல்காரர் "எத்தனை இலை போடட்டும்?" என்று கேட்டார். பெயர் கொடுத்தவர்கள் 60, எந்த வண்டியில் வருவோம் என்று சொன்னவர்கள் 41. நாற்பத்தைந்து என்றேன். 47 பேர் உட்கார்ந்தார்கள். ரசம் பற்றாமல் போனது.