வீட்டைச் சுற்றிக் காய்ந்த புல்லை ஒழித்த கதை

வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு புல். மழைக்குத் தளதளவென்று வளரும், வெயில் ஏறியதும் சருகாகிவிடும். அக்கம்பக்கத்தில் காட்டுத்தீ வந்தால் அது வழியாக வீட்டுக்கும் பரவும் என்ற பயம். மொத்தமாக வழித்துவிடச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேரோடு பிடுங்கினால் அடுத்த மழையில் மண் அரித்துப் போகும். அதனால் 4 அங்குலம் விட்டு மேலாக அறுத்தேன்.

வேலையைத் தொடங்கியது சுவரிலிருந்து. அதை ஒட்டி 5 அடிக்கு எரியக்கூடிய எதையும் வைக்காமல் ஒழித்துச் சரளைக்கல் கொட்டினேன். விறகு அடுக்கு 30 அடி தள்ளிப் போனது. தீ நேராக வந்து வீட்டைப் பிடிப்பதைவிட, காற்றில் பறந்து வரும் பொறி சருகில் விழுந்து பற்றுவதுதான் அதிகம். கூரையோர மழைநீர்த் தகரத்தைக் கிளறினால் பிடிபிடியாகச் சருகு, நடுவில் பழைய குருவிக்கூடு ஒன்று. தொட்டதும் பொடியாய் உதிர்ந்தது. பொறி விழுந்திருந்தால் பஞ்சு மாதிரிப் பற்றியிருக்கும்.

மரங்களில் தரையிலிருந்து 6 அடி வரை கிளைகளைக் கழித்தேன். அடியில் புதர் இருந்தால் நெருப்பு அதில் ஏறி உச்சிக்குப் போய்விடும், அதையும் வெட்டினேன்.

புல்வெட்டும் மெஷினை அதிகாலையில், பனி ஈரம் இருக்கும்போது மட்டும் ஓட்டினேன். இரும்பு பிளேடு கல்லில் பட்டால் பொறி பறக்கும். காய்ந்த புல்லுக்கு அது போதும். கல் நிறைந்த மூலையில் அரிவாள்தான். தண்ணீர் ஹோஸ் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

வெட்டியதைக் கொளுத்தவில்லை (அதைவிட அபத்தம் உண்டா?). வீட்டிலிருந்து எட்ட, குப்பைக் குழியில் மக்கப் போட்டேன். மழை பெய்தால் மறுபடி துளிர்க்கும், மறுபடி அறுக்கத்தான் வேண்டும்.