ஸ்குவாட் ரேக் இல்லாத ஜிம்மில் கால் பயிற்சி செய்வது எப்படி

ஸ்குவாட் ரேக், அதாவது கம்பியைத் தோளுயரத்தில் தாங்கி நிற்கும் சட்டம், காலியாகும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் நாலு செட் ஒப்பேற்றிவிட்டுப் போகிறவர்கள், ரேக்கே இல்லாத சின்ன ஜிம்மில் சேர்ந்துவிட்டவர்கள், வீட்டில் ஒரு ஜோடி டம்பெல்லை மட்டும் வைத்திருப்பவர்கள், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பார்பெல் ஸ்குவாட், அதாவது எடை மாட்டிய கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, அடிக்காமல் தொடை வளருமா? வளரும். தோளில் இருப்பது இரும்புக் கம்பியா பழைய புத்தகப் பையா என்பது தசைக்குத் தெரியாது. போதுமான பாரம் கிடைத்ததா, இனி ஒன்றிரண்டு ரெப்ஸ்தான் (ஒரு தடவை இறங்கி எழுவது ஒரு ரெப், இடைவிடாமல் செய்யும் ரெப்ஸ் சேர்ந்தால் ஒரு செட்) முடியும் என்கிற நிலை வரைக்கும் வேலை வாங்கினார்களா, அவ்வளவுதான் அதற்குக் கணக்கு. தசை வளர்ச்சியை ஆராயும் பிராட் ஷோன்ஃபெல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் இதைத்தான் சொன்னது: செட்டை இனி ஒரு ரெப்கூட முடியாத அளவுக்குக் கொண்டுபோனால், எடை குறைவோ அதிகமோ, தசை வளர்ச்சி ஏறத்தாழ ஒன்றுதான், ஒரே ஒரு தடவை தூக்கும் அதிகபட்ச பலத்துக்கு மட்டும் கனமான எடையே மேல். ஆகவே நீங்கள் பவர்லிஃப்டிங் போட்டிக்குத் தயாராகிறவர் என்றால் எப்படியாவது ஒரு ரேக்கைத் தேடிப் போங்கள். மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு, ஏனென்றால் "என்னிடம் 12 கிலோ டம்பெல்தான் இருக்கிறது, அது எந்த மூலைக்கு" என்பதுதான் எல்லோருடைய கவலையும். 70 கிலோ ஆள் 60 கிலோ பார்பெல்லோடு ஸ்குவாட் செய்தால் மொத்தம் 130 கிலோ, இரண்டு காலும் பங்கு போட்டுக்கொண்டால் காலுக்கு 65. அதே ஆள் கைக்கு ஒரு 12 கிலோ டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு பின்காலைப் பெஞ்சில் வைத்து ஒற்றைக்காலில் இறங்கினால் மொத்தம் 94. அதில் நாலில் மூன்று பங்கு முன்காலில் விழுகிறது என்று வைத்தாலே 70 கிலோ. இது தோராயம்தான், காலின் சொந்த எடையையெல்லாம் நான் கழிக்கவில்லை, ஆனால் சங்கதி புரிந்திருக்கும். எடை இல்லையென்றால் ஒரு காலைக் குறையுங்கள். முதுகெலும்பு தாங்குவதும் 60-க்குப் பதில் 24 கிலோதான், இடுப்பு வலி உள்ளவர்களுக்கு இது தனி லாபம்.

அப்படிப் பார்த்தால் பட்டியலில் முதல் இடம், பின்காலைப் பெஞ்சில் வைத்துச் செய்யும் அந்தப் பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட்டுக்குத்தான், ஒன்றே ஒன்றை மட்டும் செய்வேன் என்கிறவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். பலர் இதை ஒரு வாரம் செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் கால் வைக்கும் இடம் தப்பாக இருப்பது. பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை நேராக முன்னால் நீட்டுங்கள், குதிகால் எங்கே தரையைத் தொடுகிறதோ அங்கேதான் முன்கால் நிற்க வேண்டும். எழுந்து நின்று அந்த இடத்தில் பாதத்தை ஊன்றி, மற்ற காலின் மேல்பாதத்தை, அதாவது ஷூ லேஸ் இருக்கும் பக்கத்தை, பெஞ்சின் மேல் சாய்த்து வையுங்கள். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருந்தால் தள்ளாடுவீர்கள், இடுப்பகல இடைவெளி இருக்கட்டும். பெஞ்ச் முட்டி உயரத்துக்கு மேல் போனால் பின்காலின் தொடைமுன் பகுதி சுண்டி இழுக்கும், கீழ்முதுகும் வளையும். அப்படிப்பட்ட பெஞ்ச்தான் இருக்கிறது என்றால் அதை விட்டுவிட்டு இரண்டு மூன்று பிளேட்டை (கம்பியில் மாட்டும் எடைத் தட்டு) அடுக்கி அதன் மேல் பின்காலை வையுங்கள், அதுவே போதும்.

இறங்கும்போது முன்னால் போகாமல் நேராகக் கீழே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்முட்டி தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்று, முன்பாதம் முழுவதையும் அழுத்தி எழுந்திருங்கள். முன்முட்டி கால்விரலைத் தாண்டினால் ஆபத்து என்று யாராவது சொல்வார்கள். குதிகால் தரையை விட்டு எழும்பாமல் இருந்து, வலியும் இல்லாவிட்டால் தாண்டட்டும், விடுங்கள். உடம்பை நிமிர்த்தி வைத்துக் காலைக் கொஞ்சம் பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் தொடைமுன் தசைக்கு வேலை, காலைத் தள்ளி வைத்து மார்பை முன்னால் சாய்த்தால் பிட்டத்துக்கு வேலை. பின்கால் சும்மா சமநிலைக்குத்தான், அதை வைத்து உந்தி எழ ஆரம்பித்தீர்கள் என்றால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

அப்புறம் சமநிலை. முதல் இரண்டு வாரம் எல்லோரும் ஆடுவார்கள். ஒரு கையில் டம்பெல், மறு கையால் சுவரையோ கம்பியையோ லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சொல்லப்போனால் தொடை வளர்ச்சிதான் நோக்கம் என்றால் பிடித்துக்கொண்டு செய்வதே நல்லது, ஏனென்றால் செட்டை முடித்து வைப்பது தொடையாக இருக்க வேண்டும், தள்ளாட்டமாக இருக்கக் கூடாது. டம்பெல் கனமாகக் கனமாக உள்ளங்கைப் பிடி முதலில் கைவிடும். அதற்கு மணிக்கட்டோடு டம்பெல்லைப் பிணைக்கும் லிஃப்டிங் ஸ்ட்ராப் போடலாம், அல்லது எடையில் பாதியை முதுகுப் பைக்கு மாற்றிவிடலாம். பலவீனமான காலில் ஆரம்பியுங்கள், அந்தக் காலில் எத்தனை ரெப்ஸ் வந்ததோ மற்றக் காலிலும் அத்தனையோடு நிறுத்துங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வே எடுக்காமல் மாற்றி மாற்றிச் செய்தால் கால் களைப்பதற்கு முன்பே நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

இரண்டாவது கோப்லெட் ஸ்குவாட். டான் ஜான் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பிரபலமாக்கியது. ஒரு டம்பெல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மேல் பிளேட்டின் அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து மார்போடு ஒட்டிப் பிடித்து உட்கார்ந்து எழுவது. எடை முன்னால் இருப்பதால் உடம்பு தானாக நிமிர்ந்து நிற்கும், புதிதாக ஸ்குவாட் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. குறை ஒன்று: 30, 35 கிலோவைத் தாண்டினால் தொடைக்கு முன்பே கையும் மேல்முதுகும் சோர்ந்துவிடும். அதனால் எடையைக் கூட்டுவதற்குப் பதில் அதே எடையைக் கஷ்டமாக்க வேண்டும், அதற்கு வழி உண்டு. ஒவ்வொரு குதிகாலுக்கு அடியிலும் ஒரு 2.5 கிலோ பிளேட்டை வையுங்கள். கணுக்கால் இறுக்கமாக இருக்கிறவர்களும் ஆழமாக இறங்க முடியும், முட்டி நன்றாக முன்னால் போவதால் தொடைமுன் தசை அலறும். நாலு எண்ணிக்கைக்கு மெதுவாக இறங்கி, அடியில் இரண்டு எண்ணிக்கை நின்று, பிறகு எழுங்கள். அதுவும் சுலபமாகிவிட்டால் ஒன்றரை ரெப்: அடி வரை இறங்கி, பாதி எழுந்து, மறுபடி அடிக்குப் போய், பிறகு முழுதாக எழ வேண்டும், அப்போதுதான் கணக்கில் ஒன்று. 20 கிலோவைக் கேலி செய்கிறவர்களிடம் இதில் பத்து எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு காலைப் பின்னால் வைத்து இறங்கி எழும் ரிவர்ஸ் லஞ்ச், பெஞ்சின் மேல் ஒற்றைக்காலால் ஏறும் ஸ்டெப்-அப் இரண்டும் நல்ல துணைப் பயிற்சிகள், நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. லஞ்சில் முன்னால் அடி வைப்பதைவிடப் பின்னால் வைப்பது முட்டிக்கு இதமாக இருக்கும். ஸ்டெப்-அப்பில் தரையில் இருக்கும் காலால் துள்ளி ஏறக் கூடாது. அந்தக் காலின் விரல்களைத் தூக்கி வைத்துக் குதிகாலில் மட்டும் நின்றுகொண்டு ஏறினால் திருட்டு வேலை தானாக நின்றுவிடும்.

கம்பி இருக்கிறது, ரேக்தான் இல்லை என்பவர்கள் நிலைமை கொஞ்சம் வேறு. தரையிலிருந்து நீங்களே எடுக்க முடிகிற எடைதான் உச்சவரம்பு. கிளீன், அதாவது கம்பியைத் தரையிலிருந்து ஒரே வேகத்தில் தோளுக்கு ஏற்றும் முறை, தெரிந்தால் கம்பியைத் தோளின் முன்பக்கம் தாங்கி ஃப்ரண்ட் ஸ்குவாட் செய்யலாம். தெரியாதவர்களுக்கு ஸெர்ச்சர் ஸ்குவாட்: 1930-களில் செயின்ட் லூயிஸைச் சேர்ந்த எட் ஸெர்ச்சர் என்ற பலசாலியின் பெயரில் வந்தது. கம்பியை டெட்லிஃப்ட் போலத் தரையிலிருந்து இடுப்பு மட்டத்துக்குத் தூக்கி, பாதி உட்கார்ந்த நிலையில் தொடை மேல் வைத்து, முழங்கை மடிப்புக்குள் கம்பியைக் கோத்துக்கொண்டு எழ வேண்டும். ஒரு துண்டையோ தடித்த பஞ்சுப் பட்டையையோ கம்பியில் சுற்றாமல் செய்தால் கை கன்றிப்போகும். இன்னொன்று லேண்ட்மைன்: கம்பியின் ஒரு முனையை, துணி சுற்றி, சுவர் மூலையில் முட்டுக் கொடுத்துவிட்டு, மறுமுனையில் பிளேட் மாட்டி மார்பருகே இரண்டு கையாலும் பிடித்து ஸ்குவாட் செய்வது. கோப்லெட் மாதிரியேதான், ஆனால் அதைவிட அதிக எடை ஏற்றலாம். ரேக் இல்லாமல் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கி முதுகுக்கு இறக்குகிறவர்களையும் பார்க்கிறோம். பத்தாவது ரெப்பில் கால் நடுங்கும்போது அதைத் திரும்ப எப்படி இறக்குவீர்கள் என்று முதலிலேயே யோசியுங்கள்.

ஸ்மித் மெஷினோ, சாய்ந்து உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸோ இருந்தால் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். "அது உண்மையான ஸ்குவாட் இல்லை" என்ற பேச்சு ஜிம்மில் ஓயாது, தொடைக்கு அந்தப் பேச்சு கேட்பதில்லை. ஸ்மித்தில் கம்பி தண்டவாளத்தில் போவதால் பாதத்தைக் கொஞ்சம் முன்னால் வைக்கலாம், பாதுகாப்புக் கொக்கியை உங்கள் அடி ஆழத்துக்குச் சற்றுக் கீழே போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். லெக் பிரஸ்ஸில் கீழ்முதுகு பலகையை விட்டு உருள ஆரம்பிக்கும் இடம்தான் உங்கள் எல்லை.

ஒன்றுமே இல்லை, வெறும் அறைதான் என்றால்? முதுகுப் பையில் புத்தகம் அடைத்து, பட்டையை இறுக்கி, முதுகில் மாட்டுவதைவிட மார்பு பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், நிமிர்ந்து இறங்க அது உதவும். தண்ணீர் கேன் என்றால் லிட்டருக்கு ஒரு கிலோ, கணக்கும் சுலபம். முழுக்க நிரப்பாவிட்டால் உள்ளே அலசி அலசித் தள்ளும். ரெசிஸ்டன்ஸ் பேண்டை (இழுபடும் ரப்பர் பட்டை) மட்டும் நம்பி இருக்காதீர்கள், எழுந்து நிற்கும்போது இறுகி, தொடை நன்றாக நீளும் அடிப்பகுதியில் தளர்ந்துவிடும், நமக்கு வேண்டியது நேர்மாறாக. எடையே இல்லாமல் கஷ்டப்பட ஆசை என்றால் ஸ்கேட்டர் ஸ்குவாட்: ஒற்றைக்காலில் நின்று, மறு காலைப் பின்னால் மடக்கி, அந்த முட்டி பின்னால் வைத்த தலையணையைத் தொடும் வரை இறங்கி எழுவது. முதலில் தடித்த தலையணை, பழகப் பழக மெல்லியது. ஒரு காலை முன்னால் நீட்டிக்கொண்டு மறு காலில் முழுதாக உட்கார்ந்து எழும், எல்லோரும் வீடியோ எடுத்துப் போடும் பிஸ்டல் ஸ்குவாட்டைவிட இது எனக்குப் பிடிக்கும். பிஸ்டலில் பாதிப் பேரைத் தடுப்பது கால் பலக் குறைவு இல்லை, கணுக்கால் இறுக்கமும் நீட்டிய காலைத் தூக்கி வைத்திருக்கும் தொல்லையும்தான்.

இதையெல்லாம் செய்தாலும் விட்டுப்போவது ஒன்று உண்டு: கனமான கம்பியைச் சுமந்து நடுவுடல் விறைத்து நிற்கும் வேலை. பின்தொடைக்கும் இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அது பார்பெல் ஸ்குவாட்டிலும் அப்படித்தான். இரண்டுக்கும் சேர்த்து, டம்பெல்லைப் பிடித்து முட்டியை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து எழும் ரொமேனியன் டெட்லிஃப்ட்டைக் கூடவே வையுங்கள், எடை போதாவிட்டால் அதையும் ஒற்றைக்காலில்.

வாரத்தில் இரண்டு நாள் போதும். முதல் நாள் பல்கேரியன் மூன்று செட், காலுக்கு எட்டிலிருந்து பதினைந்து. குதிகால் உயர்த்திய கோப்லெட் மூன்று செட். ரொமேனியன் டெட்லிஃப்ட் மூன்று செட். இரண்டாம் நாள் ரிவர்ஸ் லஞ்சோ ஸ்டெப்-அப்போ முதலில், பிறகு லேண்ட்மைனோ பையோ எது இருக்கிறதோ அது. ஒவ்வொரு செட்டிலும் இன்னும் ஒன்று அல்லது இரண்டு ரெப்ஸ்தான் மிச்சம் என்ற இடத்தில் நிறுத்துங்கள். எல்லா செட்டிலும் பதினைந்து வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்கள், கூட்ட எடை இல்லாவிட்டால் இறங்கும் நேரத்தைக் கூட்டுங்கள், அதுவும் முடிந்தால் முன்காலையும் ஒரு பிளேட் மேல் ஏற்றி இன்னும் ஆழமாக இறங்குங்கள். இத்தனை எண்ணிக்கை, இத்தனை எடை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்காவிட்டால் மூன்றாம் வாரமே குழம்பிவிடும்.

முட்டி வலித்தால் ஆழத்தைக் குறைத்து, மார்பை முன்னால் சாய்த்து, எடையைப் பிட்டத்துக்குத் தள்ளிப் பாருங்கள். முட்டி வீங்கினாலோ நடக்கும்போது மடங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மறுபடி ரேக் கிடைக்கும் நாளில், முன்பு அடித்த எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். கால் தயாராக இருக்கும், கம்பியை முதுகில் தாங்கும் பழக்கம்தான் விட்டுப்போயிருக்கும், அது இரண்டு மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிடும். அப்போதும் பல்கேரியனை முழுசாக விட்டுவிடாதீர்கள், வாரம் ஒரு நாளாவது ஸ்குவாட்டுக்குப் பிறகு இரண்டு செட் வையுங்கள்.