கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பவர் சப்ளை லேபிளைப் பாருங்கள்

பெட்டிமேல் '450 வாட்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். லேபிளில், கார்டும் பிராசஸரும் மின்சாரம் எடுக்கும் +12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் கிடைப்பது 216 வாட்தான் (12 × 18). ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். மிச்சத்தில் பிராசஸர் எப்படி ஓடும்? கேம் தொடங்கியதும் கம்ப்யூட்டர் பட்டென்று அணைவது பெரும்பாலும் இதனால்தான். அந்தக் கார்டின் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் பவர் சப்ளை.

கார்டுக்கு அது செருகப்படும் மதர்போர்டு ஸ்லாட் வழியாக 75 வாட், பவர் சப்ளையின் 8 பின் கேபிள் வழியாக 150 வாட் வரை வரும். மோலெக்ஸை (பழைய வகை 4 பின் பவர் கனெக்டர்) 8 பின்னாக்கும் மலிவு கன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம், சூடேறி உருகிவிடும்.

மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளை மாற்றினால் பழைய கேபிள்களையும் சேர்த்தே கழற்றுங்கள். இது மிக முக்கியம். முனை ஒன்றுபோலத் தெரிந்தாலும் பவர் சப்ளை பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். பழைய கேபிளைப் புதியதில் செருகி ஆன் செய்த நொடியே ஹார்டு டிஸ்க் போய்விடலாம்.

பழைய கார்டை எடுக்கும்போது ஸ்லாட் நுனியிலுள்ள கொக்கியை விடுவித்துவிட்டுத் தூக்குங்கள். மானிட்டர் கேபிளைப் புதுக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல.