படிப்பும் சங்கீதமும் சேர்ந்து நடக்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிளஸ் டூ முடித்த பிள்ளை முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: பட்டமே சங்கீதத்திலா, வேறு பட்டத்தோடு சாதகமா (தினசரிப் பாட்டு, வாத்தியப் பயிற்சியா)? இரண்டுக்கும் தேட வேண்டிய கல்லூரிகள் வேறு வேறு.

சங்கீதத்திலேயே பட்டம் என்றால், சென்னை ராணி மேரிக் கல்லூரி (பெண்களுக்கு), அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அரசு இசைக் கல்லூரிகள் ஆகியவற்றை விசாரியுங்கள். சேரப்போவது பட்டமா, பட்டயமா (டிப்ளமாவா) என்று தெளிவாகக் கேளுங்கள், பின்னால் எம்.ஏ. சேரும்போது இந்த வித்தியாசம் இடிக்கும். உங்கள் வாத்தியத்துக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா என்பதும் முக்கியம். வாய்ப்பாட்டுக்குக் கவலையில்லை. வீணை, புல்லாங்குழல் மாணவர்கள் கேட்காமல் சேரக் கூடாது.

பொறியியல், அறிவியல், வணிகவியல் படிப்பவர்களுக்குக் கல்லூரியின் பெயரைவிடக் குருவின் வீடு எவ்வளவு தூரம் என்பது பெரிது. கல்லூரி கேளம்பாக்கத்தில், பாட்டு வகுப்பு மயிலாப்பூரில் என்றால், போக்குவரத்து நெரிசலில் போய் வர மூன்று மணி நேரம்கூட ஆகலாம். இரண்டாவது செமஸ்டருக்குள் வாரம் இரண்டு வகுப்பு ஒன்றாகி, பிறகு நின்றே போகும். சேர்வதற்கு முன் ஒரு வேலை நாளில், கல்லூரி விடும் நேரத்துக்குக் கிளம்பி அந்தப் பயணத்தைப் போய்ப் பாருங்கள்.

ஹாஸ்டலில் தங்குவதானால் வார்டனைவிட அங்கே படிக்கும் சீனியர்களைக் கேளுங்கள். எங்கே சாதகம் செய்கிறார்கள்? மிருதங்கம் வாசிக்க விடுகிறார்களா? மியூசிக் கிளப் அறையின் சாவி யாரிடம், எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்? கிளப் இருப்பதாலேயே கர்நாடக சங்கீதத்துக்கு இடம் உண்டு என்று நம்பிவிடாதீர்கள். பல இடங்களில் அது மெல்லிசைக் குழு மட்டுமே. கடந்த ஆண்டு கலைவிழா வீடியோக்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, போன வருட கல்வி நாட்காட்டியை வாங்கிப் பாருங்கள். சென்னையின் மார்கழி கச்சேரி சீசன் டிசம்பர் நடுவில் சூடு பிடிக்கும்; செமஸ்டர் தேர்வு நவம்பரிலேயே முடிகிறதா, டிசம்பருக்கு நீள்கிறதா? 75 சதவீத வருகை கேட்கும் கல்லூரியில், வெளிக் கச்சேரிக்கு ஓ.டி. (ஆன் டூட்டி, அதாவது வராத நாளையும் வருகையாகக் கணக்கிடும் அனுமதி) தருவார்களா, கல்லூரி சார்பில் போகும் போட்டிக்கு மட்டும்தானா? ஓ.டி. கிடைத்தாலும் விட்டுப்போன லேப் தானாக ஈடாகாது. மறுபடி செய்ய நாள் ஒதுக்குவார்களா என்றும் கேளுங்கள்.

ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2025-26 முதல் கலைத் திறனுக்கென ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்கள் ஒதுக்கியிருக்கிறது. அதில் ஒன்று பெண்களுக்கு. ஐ.ஐ.டி. இடங்களை ஒதுக்கும் பொதுவான ஜோசா கவுன்சிலிங்கில் இது வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விருது, சான்றிதழ்களை இப்போதே ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள்.

இரண்டு பட்டமும் வேண்டுமா? 2022 முதல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிக்கிறது: ஒன்று நேரடியாக, மற்றொன்று தொலைநிலையில், நேரம் மோதாவிட்டால் இரண்டுமே நேரடியாகவும் படிக்கலாம். ஆனால் இரண்டு இடத்திலும் அசல் மாற்றுச் சான்றிதழ் கேட்டால் சேர்க்கையே சிக்கலாகும். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு அலுவலகங்களிலும் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேர்வுத் தேதிகள் மோதுமா என்பதையும் அப்போதே சரிபாருங்கள்.