வறுமை முதலிடம் பிடிக்கும் தரவரிசைகள்: நாடுகளை ஒப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைந்த வளத்தைச் செலவழித்து மக்களை நன்றாக வாழவைக்கும் நாடு எது? கேள்வி நியாயமானது. ஆனால் விடை தேடும் பலர் முதல் கணக்கிலேயே சறுக்குகிறார்கள். கிடைத்த பலனைச் செலவான வளத்தால் வகுத்து, வரும் எண்ணை வைத்து வரிசைப்படுத்திவிடுகிறார்கள்.

நார்வேயையும் ஆப்பிரிக்காவின் ஏழை நாடான புருண்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து 0 முதல் 1 வரை அளக்கும் மனித வளர்ச்சிக் குறியீட்டில், 2019-ஆம் ஆண்டுக்கு நார்வேக்கு 0.957, புருண்டிக்கு 0.433. கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் நார்வேயில் ஆண்டுக்குத் தலைக்குச் சுமார் 8 டன், புருண்டியில் 0.1 டன்கூட இல்லை. வகுத்தால் நார்வேக்கு 0.12, புருண்டிக்கு 4-க்கும் மேல். பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரமே எட்டாத நாடு 30 மடங்குக்கு மேல் திறமையானதாகிவிடுகிறது! அம்மக்கள் சிக்கனமாக வாழவில்லை. செலவழிக்க அவர்களிடம் எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை மறைக்கும் எந்தத் தரவரிசையும் அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே சொல்வேன்.

ஆகவே ஆயுள், கல்வி, வருமானம் மூன்றுக்கும் முதலில் ஒரு குறைந்தபட்ச வரம்பு வையுங்கள். அதைத் தாண்டிய நாடுகளுக்குள் மட்டும் வளச் செலவை ஒப்பிடுங்கள். அப்போது கோஸ்டாரிக்கா கண்ணில் படும்: சராசரி ஆயுள் ஏறத்தாழ 80, வெளியேற்றம் தலைக்கு 2 டன்னுக்குக் கீழ். மின்சாரத்தில் பெரும்பகுதி அணைகளிலிருந்தும் புவிவெப்பத்திலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறது.

அடுத்து, செலவை யார் கணக்கில் எழுதுகிறோம் என்பது. 2020-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் பூமியின் மீதான சுமையையும் சேர்த்து மனித வளர்ச்சிக் குறியீட்டைத் திருத்திக் கணக்கிட்டபோது நார்வே 15 இடங்கள் சரிந்தது. அதிலும்கூட கார்பன் கணக்கு நாட்டு எல்லைக்குள் வெளியாவதை வைத்துத்தான். நார்வே விற்கும் எண்ணெய் எரியும்போது, பழி அந்த எண்ணெயை வாங்கிய நாட்டின் மேல். ஐரோப்பியர் உடுத்தும் சட்டையின் புகை வங்கதேசத்தின் மேல். நுகர்வு அடிப்படையிலான கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

வருமானத்துக்கு ஜி.டி.பி.யை (மொத்த உள்நாட்டு உற்பத்தியை) அப்படியே எடுப்பதும் ஆபத்து. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியதால் 2015-இல் அதன் ஜி.டி.பி. ஒரே ஆண்டில் ஏறத்தாழ கால் பங்கு தாவியது. மக்களின் வாழ்க்கை அப்படித் தாவவில்லை.

செலவான வளங்களையும் (உள்ளீடு) கிடைத்த பலன்களையும் (வெளியீடு) ஒருசேர ஒப்பிட்டு ஒவ்வொரு நாட்டின் திறனுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும் டி.இ.ஏ. (Data Envelopment Analysis) முறையைப் பயன்படுத்துவோருக்கு ஒன்று. 20 நாடுகளுக்கு 15 குறியீடுகளைத் திணித்தால் பெரும்பாலானவை முழு மதிப்பெண் 1 வாங்கிவிடும். உள்ளீடு, வெளியீடு இரண்டின் மொத்த எண்ணிக்கையைப் போல் மூன்று மடங்கு நாடுகளாவது வேண்டும். அந்த 1-உம் குழுவுக்குள் ஒப்பிட்டுக் கிடைத்ததுதான். எல்லாரும் அளவுக்கு மீறிச் செலவழிக்கும் குழுவிலும் யாரோ ஒருவருக்கு அது கிடைக்கும்.